பல்கலைக்கழக வேலையும் தொழிற்சங்கமும்: வாசகர் கேள்வி பதில்

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதித்துவம் உள்ள வேலைகளுக்கு இணையவழி விண்ணப்பிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். நகர மையத்தில் உள்ள சென் ஜோர்ஜ், ஸ்காபரோ, மிசிசாகா ஆகிய மூன்று வளாகங்களையும் கொண்ட இந்தப் பல்கலைக்கழகம் நம்மவர் பலர் வாழும் இடங்களுக்கு அண்மையில் இருப்பதாலேயே இக்கேள்விகள் இவ்வளவு வந்திருக்கின்றன என்று எண்ணுகிறோம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் அரச திணைக்களத்தில் பல வருடம் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்தேன். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் எனக்கு ஏற்ற அலுவலக வேலைகளைக் காண்கிறேன். ஆனால் பலவற்றில் "யூஎஸ்டபிள்யூ" என்று போட்டிருக்கிறது. கட்டட வேலை செய்யும் என் மைத்துனர், முதலில் யூனியனில் சேர்ந்து அட்டை எடுத்தால்தான் இப்படிப்பட்ட வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார். அது சரியா? (ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சரியல்ல. உங்கள் மைத்துனர் தமது துறையில் கண்டதைச் சொல்கிறார். ஒன்ராறியோவின் கட்டடத் தொழிலில் பல சங்கங்கள் தங்கள் உறுப்பினர் பட்டியலிலிருந்தே வேலைத்தளங்களுக்கு ஆட்களை அனுப்புகின்றன. அங்கே சங்க அட்டை முதலில் வரும், வேலை பிறகு வரும். பல்கலைக்கழகத்தில் வரிசை நேர்மாறானது. ஆளைத் தெரிவு செய்வது பல்கலைக்கழகம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலை எந்தச் சங்கத்தின் பிரதிநிதித்துவத்தின் கீழ் வருகிறதோ அந்தச் சங்கம் பல்கலைக்கழகத்துடன் பேசிச் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் உங்களுக்கும் பொருந்தத் தொடங்கும். விண்ணப்பிக்கும் கட்டத்தில் அட்டையும் தேவையில்லை, சங்கத்தில் எவருடைய சிபாரிசும் தேவையில்லை.

வேலை கிடைத்தபின் உங்கள் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தா கழிக்கப்படும். 1945இல் வின்ட்சரில் நடந்த ஃபோர்டு தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முடிவுக்குக் கொண்டுவர நடுவராக அமர்ந்த நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் வழங்கிய தீர்ப்பிலிருந்து வந்த ஏற்பாடு இது. ஒப்பந்தத்தின் பயனை எல்லோரும் பெறுவதால், உறுப்பினராகச் சேர்ந்தவரும் சேராதவரும் ஒரே சந்தாவைச் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். இன்றைய ஒன்ராறியோத் தொழிலுறவுச் சட்டம், சங்கம் கேட்டுக்கொண்டால் இந்த ஏற்பாட்டைக் கூட்டு ஒப்பந்தத்தில் சேர்த்தாக வேண்டும் என்கிறது. வருமான வரிக் கணக்கில் அந்தச் சந்தாவைக் கழித்துக்கொள்ளலாம். வருட முடிவில் வரும் டீ4 படிவத்தின் 44ஆம் பெட்டியில் தொகை இருக்கும்.

இனி, நீங்கள் கண்ட அந்த எழுத்துகள். யூஎஸ்டபிள்யூ என்பது ஒருங்கிணைந்த உருக்குத் தொழிலாளர் சங்கம். உருக்காலைக்கும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியந்தால் அது இயல்பு. கனடாவில் பெரிய தொழிற்சங்கங்கள் தாம் பிறந்த தொழிலைத் தாண்டி வெகுதூரம் வளர்ந்துவிட்டன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் நிருவாக, தொழில்நுட்ப ஊழியர்களை இச்சங்கத்தின் 1998ஆம் இலக்கக் கிளை பிரதிநிதித்துவம் செய்கிறது. துப்புரவு, தோட்டப் பராமரிப்பு போன்ற சேவைப் பணியாளர்களுக்குக் கியூபி எனப்படும் கனடியப் பொது ஊழியர் சங்கத்தின் 3261ஆம் கிளையும், நூலகத் தொழிலாளர்களுக்கு அதன் 1230ஆம் கிளையும், கற்பித்தல் உதவியாளர்களுக்கும் பாடவாரியாக அமர்த்தப்படும் விரிவுரையாளர்களுக்கும் அதன் 3902ஆம் கிளையும் இருக்கின்றன. பேராசிரியர்களுக்குச் சட்டப்படி சான்றுபெற்ற தொழிற்சங்கம் இல்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அவர்களுடைய சங்கம் 1977ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஒன்றின்படியே பல்கலைக்கழகத்துடன் பேசி வருகிறது.

அறிவித்தலின் கீழ்ப்பகுதியில் "எம்ப்ளோயி குரூப்" (ஊழியர் பிரிவு) என்ற வரி இருக்கும். அங்கே சங்கத்தின் பெயர் எதுவும் இல்லாமல், அந்த வேலை "கொன்ஃபிடென்ஷல்" (இரகசியப் பணி) என்றோ "புரொஃபெஷனல் அன்ட் மனேஜீரியல்" (தொழில்வாண்மை, முகாமை) என்றோ வகைப்படுத்தப்பட்டிருந்தால் அது சங்கத்துக்கு வெளியே உள்ள வேலை. முகாமைப் பொறுப்பு வகிப்பவர்களையும், தொழிலுறவு விடயங்களில் நிருவாகத்தின் இரகசியங்களைக் கையாள்பவர்களையும் சட்டமே சங்கப் பிரிவிலிருந்து விலக்கி வைக்கிறது. அலுவலக உதவியாளர் வேலைகள் இரண்டு, பார்வைக்கு ஒரே மாதிரியாக இருந்தும் ஒன்று சங்க வேலையாகவும் மற்றது அல்லாததாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். இந்த ஒரு வரியை முதலில் வாசித்துவிட்டு, அந்தச் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, வேலை அறிவித்தல் பற்றிய பிரிவையும் தகுதிகாண் காலம் பற்றிய பிரிவையும் மட்டுமாவது படித்துவிடுங்கள். அவை எவரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கக்கூடிய ஆவணங்கள். விண்ணப்பதாரர்களில் மிகச் சிலரே அவற்றைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் உங்கள் சம்பளம் எப்படி உயரும், எப்போது நிரந்தரமாவீர்கள், விடுமுறை எவ்வளவு என்பவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: ஒரு வருடத்துக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தின் நிருவாக வேலைகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். நேர்முகத் தேர்வுக்கு ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. எனக்குப் பட்டம் இருக்கிறது, கொழும்பில் வங்கி அனுபவமும் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்கிறார்கள் நண்பர்கள். தொடர்ந்து விண்ணப்பிப்பதில் பயன் உண்டா? (மார்க்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. இத்தகைய கூட்டு ஒப்பந்தங்களில், ஏற்கெனவே அதே சங்கப் பிரிவில் வேலை செய்பவர் விண்ணப்பித்தால் அவரை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்றும், தகுதியில் இருவர் ஏறக்குறையச் சமமானால் சேவை மூப்பைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதுவது வழக்கம். பல வருடம் உழைத்த ஊழியர் அடுத்த படிக்குப் போவதற்கான உரிமை அது. நாளை நீங்கள் உள்ளே போனால் உங்களையும் காக்கப்போவது அதே விதிதான். ஆகவே நடுத்தர, உயர் படிநிலை வேலைகளில் வெளியாருக்குக் கதவு குறுகலாக இருக்கும். ஆரம்பப் படிநிலை வேலைகளிலும், பிரசவ விடுமுறை போன்ற காரணங்களால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வெற்றிடமாகும் "டேர்ம்" வேலைகளிலும் அது ஓரளவு அகலமாக இருக்கும். யூடெம்ப் என்ற பெயரில் பல்கலைக்கழகமே நடத்தும் தற்காலிக ஊழியர் சேவை ஒன்றும் இருக்கிறது. "கஷுவல்" என்று குறிப்பிடப்படும் நாட்கூலி, மணிக்கூலி அலுவலக வேலைகளும் உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதித்துவத்தின் கீழ்த்தான் வருகின்றன. ஆனால் தற்காலிகமாக உள்ளே போய்விட்டால் நிரந்தர ஊழியருக்குரிய முன்னுரிமை அப்படியே வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். தற்காலிக ஊழியருக்கான ஒப்பந்தம் எதைத் தருகிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். அதைவிட, அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு முறைமையையும் மாணவர் பதிவு முறைமையையும் கையாண்ட அனுபவம் உங்கள் ரெசுமேயில் ஏறுவது பெரிய பலன்.

உங்கள் நண்பர்கள் சொல்லாத மற்றப் பகுதிக்கு வருகிறேன். சங்க வேலைகளில் தெரிவு என்பது பெரும்பாலும் அறிவித்தலில் எழுதப்பட்ட தகுதிகளோடு உங்கள் தாளை ஒப்பிட்டுப் பார்ப்பதாகவே இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. தெரிவாகாத உள் ஊழியர் ஒருவர் சங்கத்தின் மூலம் முறைப்பாடு செய்தால், எழுதிய தகுதிகளின்படிதான் தெரிவு நடந்தது என்பதைப் பல்கலைக்கழகம் காட்டியாக வேண்டும். ஆகவே தெரிவுக்குழு ஒவ்வொரு தகுதிக்கும் நேரே "இருக்கிறது", "இல்லை" என்று குறித்துக்கொண்டு போகிறது. அறிவித்தலைப் பரீட்சை வினாத்தாள் போல நினைத்துக்கொள்ளுங்கள்: கேட்ட கேள்விக்கு எழுதாத விடைக்குப் புள்ளி கிடையாது. "கூட்டங்களை ஒழுங்கு செய்து அறிக்கை எழுதிய அனுபவம்" என்று கேட்டிருக்கும்போது, வங்கியில் கடன் பிரிவில் இருந்தவருக்கு அது இருக்காதா என்று வாசிப்பவர் ஊகிக்கமாட்டார். நீங்கள் எந்தக் குழுவின் கூட்டங்களை, எவ்வளவு கால இடைவெளியில் ஒழுங்கு செய்தீர்கள், அறிக்கையை யாருக்கு அனுப்பினீர்கள் என்பது உங்கள் தாளில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே ரெசுமேயை அனுப்பும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். பத்து வேலைகளுக்கு ஒரே தாளை அனுப்புவதைவிட இரண்டு வேலைகளுக்குத் தனித்தனியே எழுதி அனுப்புவது பலன் தரும். அறிவித்தலில் கல்வி, அனுபவம், திறன்கள், ஏனையவை என்று தலைப்புகள் இருந்தால் உங்கள் விண்ணப்பக் கடிதமும் அதே வரிசையில், அதே சொற்களைக் கையாண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றைச் சொல்லிப் போகட்டும். இலங்கையில் நாம் சுயவிபரக் கோவையில் வழக்கமாக எழுதும் பிறந்த திகதி, திருமண நிலை, சமயம், தேசிய அடையாள அட்டை இலக்கம், புகைப்படம் ஆகிய எதுவும் இங்கே வேண்டாம். வயது, சமயம், குடும்ப நிலை போன்றவற்றை வேலை விண்ணப்பப் படிவத்தில் கேட்பதையே ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. அவற்றை நாமாக எழுதிக் கொடுப்பது வாசிப்பவரைச் சங்கடப்படுத்தும். உங்கள் பட்டத்தை மதிப்பீடு செய்விக்காமல் இருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள். உலகக் கல்விச் சேவை எனப்படும் வெஸ் நிறுவனம் இதைச் செய்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவே ஒப்பீட்டுக் கல்விச் சேவை ஒன்றை நடத்துகிறது.

இன்னொரு வாக்கியத்தையும் கவனித்திருப்பீர்கள். கல்வித் தகுதியைச் சொன்ன கையோடு, "அல்லது அதற்கு ஈடாக ஏற்கத்தக்க கல்வியும் அனுபவமும்" என்ற பொருளில் ஒரு தொடர் பல அறிவித்தல்களில் வரும். பட்டம் இல்லாதவர்களும், வேறு துறையில் பட்டம் பெற்றவர்களும் நுழையக்கூடிய இடம் அதுதான். ஆனால் ஈடு எது என்பதை நீங்களே கடிதத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தொழில்நுட்ப விடயம் சுருக்கமாக: இணையத்தளத்தில் ஒருமுறை கணக்கு உருவாக்கினால் போதும், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் புதிய கோப்பைப் பதிவேற்ற வேண்டும், பழைய கோப்பு தங்கியிருந்தால் அதுவே போய்விடும். வேலையின் இலக்கத்தையும் அறிவித்தல் முழுவதையும் உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள், ஏனெனில் முடிவுத் திகதிக்குப் பிறகு அறிவித்தல் தளத்திலிருந்து மறைந்துவிடும். நேர்முகத்துக்கு அழைத்தால் படிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. முடிவுத் திகதியன்று இரவு 11.59க்குத் தளம் மூடும். கடைசி இரவு வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அறிவித்தலில் ஒரு தொகையையும், வருடாவருடம் படிப்படியாக உயர்ந்து அடையும் உச்சத் தொகையையும் போட்டிருக்கிறார்கள். சம்பளத்தைப் பேசி உயர்த்த முடியுமா?

பதில்: அதிகம் முடியாது. சங்க வேலையின் சம்பளம் "பே பேன்ட்" என்ற படிநிலையில் கட்டப்பட்டது. அந்த வேலை எந்தப் படிநிலை என்பதை வேலை மதிப்பீடு தீர்மானிக்கிறது. பெண்கள் அதிகமாகச் செய்யும் வேலைகளின் பெறுமதி குறைத்து எடைபோடப்படாமல் இருக்க 1987இல் ஒன்ராறியோ இயற்றிய சம்பளச் சமத்துவச் சட்டம் இந்த மதிப்பீட்டு முறைக்குப் பின்னால் இருக்கிறது. நேரடி அனுபவம் அதிகம் உள்ளவர் ஆரம்பப் படிக்கு மேலே அமர்த்தப்பட முடியுமா என்று பணிக்கடிதம் கையொப்பமிடுவதற்கு முன் மரியாதையாகக் கேட்கலாம். பிறகு கேட்பது கடினம். சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2021 யூலை 1 முதல் ரொறன்ரோ, குவீன்ஸ், குவெல்ஃப் பல்கலைக்கழகங்கள் ஒரே ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்திருக்கின்றன. ஊழியருக்கும் பிள்ளைகளுக்கும் கல்விக் கட்டண உதவியும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அந்த உதவியின் பெறுமதியை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: நான் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "கனடிய அனுபவம் இல்லை" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்திலேயே விண்ணப்பிக்காமல் இருக்கிறேன்.

பதில்: விண்ணப்பியுங்கள். கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் கொள்கையாக வெளியிட்டது. அது வழிகாட்டல்தான். இப்போது சட்டமே வந்துவிட்டது: 2026 ஜனவரி 1 முதல், 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் பகிரங்கமாக வெளியிடும் வேலை அறிவித்தலிலும் அதனோடு சேர்ந்த விண்ணப்பப் படிவத்திலும் கனடிய அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது. அதே சட்டம் இன்னும் சிலவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எதிர்பார்க்கப்படும் சம்பளத்தை அல்லது சம்பள வீச்சைச் சொல்ல வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதை அறிவித்தலிலேயே கூற வேண்டும். உண்மையில் வெற்றிடம் இருக்கிறதா என்பதையும் குறிப்பிட வேண்டும். வெற்றிடமே இல்லாமல் ஆட்களின் தாள்களைச் சேகரித்து வைக்கும் அறிவித்தல்களால் எத்தனை புதிய குடிவரவாளர்கள் மாதக்கணக்காக ஏமாந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.

ஒரு குறிப்பை மட்டும் சொல்ல வேண்டும். கனடிய அனுபவத்தைக் கேட்கக் கூடாது என்பதற்காக, இந்த மாகாணத்தின் குறிப்பிட்ட சட்டத்தையோ குறிப்பிட்ட மென்பொருளையோ தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது தடைசெய்யப்படவில்லை. அந்த அறிவை இங்கே வேலை செய்யாமலும் பெறலாம். பெற்றதைத் தாளில் காட்டுங்கள். மாகாண அரசின் நிதியில் இயங்கும் எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ நிலையங்களில் ரெசுமே திருத்துவதற்கு இலவச உதவி கிடைக்கும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. துப்புரவுப் பணி அனுபவம் இருக்கிறது. அவருக்குக் கணினி தெரியாது, ஆங்கிலம் ஓரளவு பேசுவார். பல்கலைக்கழகத்தில் யூனியன் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர் 1,500 டொலரும், அப்பாவின் சின் இலக்கமும் கேட்கிறார். அவர் நம்மவர்தான், நம்பலாமா? (பிராம்ப்டனிலிருந்து ஒரு மகன்)

பதில்: நம்ப வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம், இலக்கமும் கொடுக்க வேண்டாம். பல்கலைக்கழகம் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. சங்க வேலையை விற்கும் அதிகாரம் இடைத்தரகர் எவருக்கும் கிடையாது. சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கத்தை வேலை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று கனடிய அரசே மக்களுக்கு அறிவுறுத்துகிறது. அது வேலையில் சேர்ந்தபின் சம்பளப் பிரிவுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவின் பெயரில் கடன் எடுக்கலாம். அவர் நம்மவர் என்பதால்தான் அப்பா அவரிடம் போயிருக்கிறார். அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அப்பாவின் விண்ணப்பத்தை நீங்களே செய்து கொடுக்கலாம், அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவர் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை அவரும் அறியும்படி செய்யுங்கள். உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்ததை நீங்கள் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இழப்பு அவருக்கு. தொலைபேசி எண்ணும் அவருடையதாக இருக்கட்டும். குரல்பெட்டி நிரம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கணினி இல்லாவிட்டால் உங்கள் நகரப் பொதுநூலகத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். தளத்தில் தேடும்போது துப்புரவு என்ற ஒரே சொல்லை நம்பியிராமல் "கெயார்டேக்கர்" என்ற பதவிப் பெயரில் தேடுங்கள். அந்தப் பெயரில் புதிய வேலை வரும்போது மின்னஞ்சல் அனுப்பும்படி தளத்திலேயே பதிவு செய்து வைக்கலாம். பிராம்ப்டனில் இருப்பவருக்கு மிசிசாகா வளாகமே கிட்ட என்றாலும் அதிகாலை, பின்னிரவு முறைகளுக்குப் பேருந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு நீண்ட கடிதம் தேவையில்லை. எந்தக் கட்டடத்தில், எத்தனை மாடிகளை, எந்த இயந்திரங்களைக் கொண்டு துப்புரவு செய்தார், இரசாயனப் பாதுகாப்புக்கான விமிஸ் பயிற்சி பெற்றாரா என்பதை எளிய வரிகளில் எழுதுங்கள். வயதைக் குறிப்பிட வேண்டாம். உடல்நிலை காரணமாக நேர்முகத்தில் ஏதேனும் வசதி தேவைப்பட்டால், ஊனமுற்றோருக்கான அணுகல் சட்டத்தின்படி அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அறிவித்தலின் அடியில் அதற்கான தொடர்பு இருக்கும்.

கேள்வி: ஸ்காபரோ வளாகத்தில் சர்வதேச மாணவனாக முதுமாணிப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கற்பித்தல் உதவியாளர் வேலைகளைப் பொது வேலைவாய்ப்புத் தளத்தில் தேடினேன், காணவில்லை. வாரத்துக்கு 24 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விதி இதற்கும் பொருந்துமா?

பதில்: கற்பித்தல் உதவியாளர் வேலைகள் தனியான பக்கத்தில், திணைக்களம் திணைக்களமாக அறிவிக்கப்படுகின்றன. விண்ணப்பத்தை மைய அலுவலகத்துக்கு அல்ல, அந்தத் திணைக்களம் சொல்லும் வழியில் அனுப்ப வேண்டும். சில திணைக்களங்கள் படிவம் வைத்திருக்கும், சில மின்னஞ்சலில் கேட்கும். முதலாம் தவணைக்கான அறிவித்தல்கள் கோடையிலேயே வந்துவிடும் என்பதால் செப்டெம்பரில் தேடுபவருக்கு மிச்சமே கிடைக்கும். முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தொடர் நியமன உரிமை, அதாவது ஒருமுறை அமர்த்தப்பட்டால் அடுத்தடுத்தும் நியமனம் பெறும் உரிமை, ஒப்பந்தத்தில் இருப்பதால் அவர்கள் முதலில் அமர்த்தப்படுவார்கள். உங்கள் திணைக்களத்தில் இடமில்லை என்றால் அருகிலுள்ள துறைகளுக்கும், மற்ற இரண்டு வளாகங்களுக்கும் விண்ணப்பியுங்கள்.

24 மணிநேர வரம்பு, வளாகத்துக்கு வெளியே செய்யும் வேலைக்கு 2024 நவம்பரில் வந்தது. முழுநேர மாணவர் வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு அந்த வரம்பு இல்லை. கல்வி அனுமதிப் பத்திரத்தில் வேலை செய்ய அனுமதி என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேலை கிடைத்ததும், எந்தப் பணிக்கு எத்தனை மணிநேரம் என்று பிரித்துக் காட்டும் படிவத்தில் பாடப் பேராசிரியரும் நீங்களும் கையொப்பமிடுவீர்கள். அதை வெறும் சம்பிரதாயமாக எண்ணாதீர்கள். 90 விடைத்தாள்களைத் திருத்த அதில் ஒதுக்கியிருக்கும் நேரம் போதாது என்று தவணையின் நடுவே தெரிந்தால், அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறுபரிசீலனை கேட்க முடியும். கற்பித்தல் உதவியாளர்களின் சங்கமான கியூபி 3902ஆம் கிளை 2015இல் நான்கு வாரம் அளவில் வேலைநிறுத்தம் செய்தது. அப்படி ஒன்று நேரும்போது என்ன நடக்கும், நீங்கள் வாக்களிக்க முடியுமா என்பவற்றைச் சங்கத்தின் புதுமுக அறிமுகக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். சர்வதேச மாணவர் என்பதால் உங்கள் சங்க உரிமை குறையாது.

கேள்வி: தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதை ரெசுமேயில் போடலாமா?

பதில்: தாராளமாக. ஸ்காபரோ வளாகத்தில் தமிழியல் இருக்கை ஒன்றுக்காக உலகெங்கும் உள்ள தமிழர் சேர்ந்து 3 மில்லியன் டொலர் திரட்டும் பணி 2021இல் நிறைவேறியது. நூலகம், மாணவர் சேவை, சமூகத் தொடர்பு ஆகிய பிரிவுகளில் மொழியறிவுக்கு நேரடிப் பயன் உண்டு. கணக்குப் பிரிவு வேலைக்கு அது ஒரு வரியாக இருந்தால் போதும்.

கேள்வி: விண்ணப்பத்தின் முடிவில் இனம், பாலினம், ஊனம் பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொன்னால் ஒதுக்குவார்களா, சொல்லாவிட்டால் ஒதுக்குவார்களா?

பதில்: இரண்டும் இல்லை. அது விருப்பத்துக்குரிய கணக்கெடுப்பு. எந்தெந்தச் சமூகத்தினர் விண்ணப்பிக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் கழிகிறார்கள் என்பதைத் தொகுத்து அறியவே அது உதவுகிறது. பதில் சொல்லுமாறு நான் ஊக்குவிப்பேன். நாம் கணக்கில் வராவிட்டால் நமக்கு நேர்வதும் கணக்கில் வராது.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஒரு சங்க வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மூன்று பேர் கொண்ட குழு, எல்லாரிடமும் ஒரே கேள்விகளை வாசித்து, பதிலைக் குறித்துக்கொண்டார்கள். சிரிப்போ பேச்சோ இல்லை. பிறகு நீண்ட காலமாகப் பதிலே இல்லை. எனக்கு அநீதி நடந்ததாக நினைக்கிறேன். சங்கத்திடம் முறையிடலாமா? (அஜாக்ஸிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அவர்கள் ஒரே கேள்விகளை ஒரே விதமாக வாசித்ததை உங்கள் மீதான வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவருக்கு உதவியாக ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாலும் மற்றவருக்கு அது பாதகம் என்பதால் இத்தகைய குழுக்கள் முகபாவத்தைக்கூட அடக்கிக்கொள்ளும். அடுத்த முறை, ஒவ்வொரு பதிலிலும் ஒரு நிகழ்வை எடுத்து, நிலைமை என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று சொல்லி முடியுங்கள். நம்மவர் பலர் "நாங்கள் செய்தோம்" என்று பணிவோடு பேசுகிறார்கள். குழு குறித்துக்கொள்ள வேண்டியது நீங்கள் தனியாகச் செய்ததை; ஆகவே அங்கே "நான்" என்று பேசுவது தற்பெருமை ஆகாது.

பதில் வராதது பற்றி: 2026 ஜனவரி 1 முதல், பகிரங்க அறிவித்தலின்படி நேர்முகம் காணப்பட்ட விண்ணப்பதாரருக்கு, கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாட்களுக்குள், அந்த வேலைக்கான முடிவு எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை நிறுவனம் அறிவிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்திருந்தால், வேலை இலக்கத்தைக் குறிப்பிட்டு, நேர்முகத் திகதியைச் சொல்லி, சுருக்கமான ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். உங்கள் விண்ணப்பத்தில் எதை வலுப்படுத்தலாம் என்று ஒரு வரியில் கேட்கவும் செய்யலாம். எல்லாரும் பதில் தரமாட்டார்கள், தருபவர்கள் தரும் தகவல் பெறுமதியானது.

சங்கத்திடம் முறையிடுவது பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே அந்தப் பிரிவில் ஊழியராக இருப்பவர் தெரிவில் தமது உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், கூட்டு ஒப்பந்தத்தின்படி முறைப்பாடு செய்யலாம். தன் பிரிவில் உள்ளவர்களை நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை சங்கத்துக்குச் சட்டப்படி உண்டு. வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கு அந்த வழி இல்லை. இனம், சமயம், பால், வயது, ஊனம் போன்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டீர்கள் என்று கருத உங்களிடம் அடிப்படை இருந்தால், உங்களுக்குத் திறந்திருப்பது ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். கேட்கப்பட்ட கேள்விகள், சொல்லப்பட்ட வார்த்தைகள், அறிவித்தலின் பிரதி, மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இப்போதே திகதியிட்டு எழுதி வைத்துவிடுங்கள். அடிப்படை எதுவும் இல்லாமல், கிடைக்கவில்லையே என்ற வேதனை மட்டும் இருந்தால், நேர்முகம் வரை போன உங்கள் தாள் நல்ல தாள். அதே படிநிலையில் அடுத்த அறிவித்தல் வரும்போது அதைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.